உப்புக்குள் இல்லாத மோதிரம்

போர்த்தோசாலே என்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் பைத்தியம் பிடிக்கும். ஆண்டவர் விண்ணேறிய திருநாள் ஞாயிறன்று ஆயர் படகில் ஏறி நின்று, ஊரின் பழைய தங்க மோதிரத்தைக் கடலுக்குள் வீசுவார். ஊருக்கும் கடலுக்கும் கல்யாணம். வீசின மறு நொடியே ஊர் வாலிபர்கள் அத்தனை பேரும் தலைகுப்புற விழுந்து, ஒருவன் முதுகை ஒருவன் மிதித்துக்கொண்டு அதைத் தேடுவார்கள். ஆழம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, நெஞ்சளவுத் தண்ணீர்தான். ஆனால் மோதிரம் கிடைக்காமல் போனால் அந்த வருஷம் மீனும் வராது, அளத்தில் உப்பும் விளையாது என்று ஊர் நம்பியது.

எடுத்தவன் அதை உடனே யாருக்கும் காட்டக் கூடாது. பொத்திய கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணம் நிறைய உப்பில் புதைத்து, வெள்ளைத் துணி போட்டு மூட வேண்டும். மோதிரம்தான் மணப்பெண், ஒரு வாரம் அவள் அங்கே உறங்குவாள். அடுத்த ஞாயிறு பங்குச் சாமியார் கோயிலில் எல்லோர் முன்னாலும் உப்புக்குள் விரலை விட்டு மோதிரத்தை எடுத்துக் கொடுப்பார். எடுத்தவன் அதை ஏந்திக்கொண்டு பவனிக்கு முன்னால் துறைமுகம் வரை நடப்பான். அப்புறம் அது கோயில் பெட்டிக்குள் போய்விடும். இதுதான் முறை.

பெண்களுக்கும் இதில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கரையில் துண்டோடு நிற்க வேண்டும். பெண் கை பட்டால் வலை வெறுமையாய் வரும் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவிட்டுப் போனானோ, அதை யாரும் கேட்கவில்லை. நிவேஸ் கேட்டாள். பதினேழு வயதில் அண்ணனின் அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு குதிக்கப் போனவளை, அவள் அப்பா காதைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். காது இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆத்திரம் மட்டும் அப்படியே இருந்தது, இப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு ஆகியும்.

நிவேஸ் ஊரின் பெண்கள் முடிதிருத்தும் கடைக்குச் சொந்தக்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ளாததற்கு வருத்தப்படவும் இல்லை. திங்கள்கிழமை கடைக்கு விடுமுறை. அந்தத் திங்கள்கிழமை காலை அவள் அண்ணன் மகன் லோரிஸ் கடைக் கதவைத் தட்டினான். முந்தின நாள் கடலில் கையைத் தூக்கியவன் அவன்தான். வாத்தியக் கோஷ்டி ஊதி ஓய்ந்து, ஊரெல்லாம் தோளில் தூக்கிவைத்து ஆடிய மாப்பிள்ளை, இப்போது முகம் வெளிறி நின்றான்.

"அத்தை, உப்புக்குள்ள மோதிரம் இல்ல."

"பின்ன எங்கடா இருக்கு?"

"கடல்ல."

நடந்தது இதுதான். மணலுக்குள் துழாவியபோது விரலில் ஒரு வளையம் மாட்டியிருக்கிறது. பையன் சந்தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டான். எல்லோரும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். வாத்தியம் முழங்கியது. துண்டுக்குள் கையைப் பிரித்துப் பார்த்தால் பழைய பீர் டின்னைத் திறக்கிற தகர வளையம். அதற்குள் அவன் அம்மா ஐவோன் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். லோரிஸின் அப்பா, அதாவது நிவேஸின் அண்ணன், வாலிபத்தில் வருஷா வருஷம் குதித்தும் மோதிரத்தைத் தொடாமலே செத்துப் போனவர். "உங்கப்பா இருந்து பாக்கலியே" என்று அம்மா மாரில் விழுந்து அழும்போது, எந்தப் பிள்ளை "அம்மா, இது டின் வளையம்" என்று சொல்லும்?

நிவேஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப அந்தக் கிண்ணத்துல என்னத்தப் பொதச்ச?" என்றாள்.

"அந்த வளையத்தத்தான்."

"ஏன்டா?"

"ஏதாவது ஒண்ணு பொதைக்கணும்ல அத்தை. அம்மா பக்கத்துலயே நின்னாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் முடி உலர்த்தும் நாற்காலியில் போய் விழுந்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, அண்ணன் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி, அதன் கீழே கிண்ணத்தை வைத்து, ஐவோன் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிற காட்சி மனக்கண்ணில் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ஐவோன் பொல்லாதவள்தான், நாத்தனாரிடம் ஒரு நாளும் இனிப்பாகப் பேசியதில்லை. ஆனாலும் அந்தக் கிண்ணத்துக்குள் தகரம் என்று ஊர் முன்னால் தெரிந்தால் அவள் அப்புறம் தெருவில் தலை காட்ட மாட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும் அத்தை. உங்ககிட்டதான் மணலுக்குள்ள உலோகம் தேடுற மெஷின் இருக்கு" என்றான் லோரிஸ்.

போன வாரம் வரை இவனே மதுக்கடையில், எங்க அத்தை விடிஞ்சதும் மணல் மேய்கிறாள் என்று சொல்லிச் சிரித்தவன். அது அவள் காதுக்கு அன்றைக்கே வந்துவிட்டது. முடிதிருத்தும் கடைக்கு வராத சேதி ஊரில் உண்டா? அவள் அதைச் சொல்லிக் காட்டாமல் விடவில்லை. நன்றாகச் சொல்லிக் காட்டினாள், இரண்டு தடவை. பிறகு மெட்டல் டிடெக்டரின் பேட்டரியைச் சார்ஜில் போட்டாள்.

ஊரில் இன்னொருவரிடமும் மெஷின் இருந்தது. அதுதான் சிக்கல். அத்தேயோ, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா சாமியார்களைக் கண்டால் எச்சில் துப்புகிற ரகம். மூத்த மகனுக்குக் கலகக்காரன் என்றும் இளைய மகனுக்கு நாத்திகன் என்றும் பெயர் வைத்து, அப்படியே பதிவும் செய்துவிட்டார். அத்தேயோ என்றால் அவர்கள் மொழியில் நாத்திகன். பெயருக்குக் குறை வராமல் வாழ்ந்தார். திருநாளன்று அலைத்தடுப்புக் கல்லில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தவர், லோரிஸ் துண்டுக்குள் கையைப் பிரித்ததையும் முகம் செத்ததையும் பார்த்துவிட்டார். அன்று மாலையே மதுக்கடையில் அறிவித்தார். மோதிரம் இன்னும் கடலில்தான் இருக்கிறது, அதை நான் எடுப்பேன், ஞாயிற்றுக்கிழமை சாமியார் உப்பில் விரல் விட்டுத் துழாவும்போது நான் எழுந்து போய் அவர் முன்னால் போடுவேன், கல்யாணமும் பொய், பெண்ணும் பொய் என்று அப்போது தெரியும் என்றார். யாரும் அவரை நம்பவில்லை. நாத்திகன் வாயில் வேறு என்ன வரும் என்று சீட்டாட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

காய்ந்த மணலில் மெட்டல் டிடெக்டரைச் சின்னப் பிள்ளைகூட ஓட்டும். கடலோர ஈர மணல் வேறு சங்கதி. உப்புத் தண்ணீர் ஊறிய மணலை மெஷின் பாதி உலோகமாகவே எடுத்துக்கொள்ளும். கம்பின் நுனியிலிருக்கும் தட்டை இறக்கினால் போதும், காது கிழியக் கீச்சுக் கீச்சென்று கத்தும். நிவேஸ் அதன் கூர்மையைப் பாதிக்குக் கீழே குறைத்துவிடுவாள். ஈர மணலிலேயே தட்டைத் தூக்கித் தூக்கி இறக்கி, இந்த உப்புதான் உனக்கு இன்றைக்குச் சாதாரணம் என்று அதற்குப் பழக்கிக் கொடுப்பாள். அப்புறம் தண்ணீர் ஓரத்தோடு சேர்ந்தே நடப்பாள், மேலும் கீழுமாகப் போக மாட்டாள். போனால் ஈரம் மாறும், ஈரம் மாறினால் மெஷின் மறுபடி புலம்பும். உப்பின் கீச்சு ஒரே இடத்தில் இரண்டு தடவை வராது. இந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே இடத்தில் முனகினால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் அத்தேயோவும் அறிவார். அவர் அறியாதது ஒன்று. மெல்லிய தங்க மோதிரமும் பீர் டின் வளையமும் மெஷினுக்கு ஒரே ஜாதி. இரண்டும் ஒரே தாழ்ந்த குரலில் முனகும். அத்தேயோவின் மெஷின் விலை உயர்ந்தது. திரையில் கட்டம் கட்டமாகக் காட்டும், வேண்டாத குரலை வாயடைத்துவிடலாம். டின் வளையங்களைத் தோண்டித் தோண்டி முதுகு போய், ஒரு நாள் அவர் அந்தக் குரலை வாயடைத்துவிட்டார். உப்பின் கீச்சும் சேர்ந்து அடங்கியது. சுகமாக இருந்தது. அன்றிலிருந்து காசுகளும் சாவிகளுமாக எடுத்துக்கொண்டு, தங்கம் கிடைக்கிற காலமெல்லாம் போய்விட்டது என்று மதுக்கடையில் பெருமூச்சு விடுவார்.

நிவேஸ் அதை என்றோ கண்டுபிடித்துவிட்டாள். சொல்லித் திருத்தினாளா? அவளுக்கென்ன தலையெழுத்தா? விடியற்காலையில் அத்தேயோ நடந்து முடித்த தடத்திலேயே பின்னால் நடந்து, அவர் தாண்டிப் போன மோதிரங்களைப் பொறுக்கிக்கொள்வாள். பெரும்பாலானவற்றைக் கடைக் கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டி உரியவர்களிடம் கொடுத்துவிடுவாள். மீதியைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

அந்த வாரம் கடல் மூன்று நாள் கொந்தளித்தது. இருவரும் கரையில் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரும்பினார்கள். வெள்ளிக்கிழமை அலை அடங்கியது. சனிக்கிழமை விடிகாலையில் கடல் நன்றாக வற்றி, ஆயர் படகு நின்ற மணல்திட்டு வெளியே தலைகாட்டியது. நிவேஸ் ரப்பர் பூட்ஸோடு போய்ச் சேரும்போது அத்தேயோ ஏற்கெனவே அங்கே இருந்தார். ரயில்வேக்காரர் அல்லவா, தண்டவாளம் போட்ட மாதிரி நேர்கோடு நேர்கோடாக நடந்தார்.

அவள் வழக்கம்போல் பின்னால் நடந்தாள். அவர் எடுத்தது இரண்டு சாவி, ஒரு நங்கூரக் கொக்கி. அவள் எடுத்தது நான்கு டின் வளையம். ஐந்தாவது முனகல் வந்தபோது தட்டைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடி கேட்டாள். அதே இடம். குறுக்கே வந்து கேட்டாள். அதே இடம். குரல் சின்னது, வட்டமானது. சற்று முன்புதான் அத்தேயோவின் தட்டு அதன் மேலேயே போயிருந்தது, பூட்ஸ் தடம் இன்னும் கலையவில்லை.

மணல் அள்ளும் கரண்டியை எடுக்கிற நேரத்தில் அத்தேயோ திரும்பினார்.

நிவேஸ் அந்த இடத்தின் மேல் வலது காலை வைத்து நின்றுகொண்டாள். ஹெட்போனைக் கழற்றினாள். அவர் முகத்தில் சந்தேகம் இல்லை, உபதேசம் செய்கிற ஆசைதான் தெரிந்தது. அது சந்தேகத்தைவிட மோசம். மெஷினின் கைப்பிடியை இன்னும் நீட்டிப் பிடிக்க வேண்டும் என்றார். உன் பழைய மெஷினைக் குப்பையில் போட வேண்டும் என்றார். தன் மெஷினின் திரையை அவள் மூக்குக்கு நேரே காட்டி, பார், எப்படி அமைதியாக இருக்கிறது என்றார். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கியிருந்தது. முதல் அலை பூட்ஸை நனைத்தது, அடுத்தது கணுக்கால் வரை வந்தது. காலை எடுத்தால் அலை மணலைச் சமன் செய்துவிடும், அப்புறம் இடம் எது என்று கடவுளுக்கும் தெரியாது. அத்தேயோவோ கடவுள் இல்லை என்பதற்கான காரணங்களுக்கு வந்துவிட்டிருந்தார்.

"ஏன் நிவேஸ் ஒத்தக் கால்ல கொக்கு மாதிரி நிக்குற?"

"கால் மரத்துப் போச்சு."

"மரத்துப் போச்சா? எடு, நான் உருவி விடுறேன்."

மனிதர் மெய்யாகவே தண்ணீரில் மண்டியிட்டு அவள் பூட்ஸைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, காலை எடுக்கவும் முடியாது. அவள் தன் உடம்புப் பாரத்தையெல்லாம் அந்த ஒற்றைக் காலில் இறக்கி, தொட்டால் உயிர் போகிறது, கரையில் இருக்கிற உன் மடக்கு நாற்காலியைக் கொண்டு வா, உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்றாள். அவர் போனார். முதுகு திரும்பியதும் அவள் இடுப்புப் பையிலிருந்த குப்பையில் கைவிட்டு, ஒரு பித்தளைக் குழாய்த் திருகை எடுத்து, அவர் திரும்பி வருகிற வழியில் வீசினாள். ஈர மணல் அதைப் பதமாக விழுங்கிக்கொண்டது.

அத்தேயோ ஒரு கையில் நாற்காலியும் ஒரு கையில் மெஷினுமாக வந்தார். மெஷினை அணைத்து வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. குழாய்த் திருகின் மேல் வந்ததும் அது கூவியது. நாற்காலி தண்ணீரில் விழுந்தது. மனிதர் குனிந்து தோண்ட ஆரம்பித்துவிட்டார், பெண்பிள்ளையின் கால் என்னவானால் என்ன.

நிவேஸ் கரண்டியைக் காலோரம் இறக்கி ஒரு அள்ளு அள்ளினாள். மணலும் கிளிஞ்சலும் வந்தன. குழியில் தண்ணீர் நிறைந்து ஓரம் சரியத் தொடங்கியது. இரண்டாவது அள்ளை அலையில் அலசினாள். கரண்டியின் அடியில் மஞ்சளாக, மெல்லிசாக, உள்பக்கம் சின்னச் சிலுவை பொறித்து, அது கிடந்தது. எத்தனை ஆயர்கள் கை பட்டது. அவள் கை அதற்கு முன் பட்டதில்லை. அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது. அதற்குள் அத்தேயோ குழாய்த் திருகோடு நிமிர்ந்துவிட்டதால் மோதிரத்தைச் சட்டென்று வாயில் போட்டுக்கொண்டாள்.

"இது பழங்காலத்துக் கப்பல் சாமான்" என்றார் அவர்.

"ம்ம்" என்றாள் அவள்.

"கால் எப்படி?"

"ம்ம்."

வீடு வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. ஊர் ஆச்சரியப்பட்டது.

உடனே கொண்டுபோய்க் கிண்ணத்தில் போட்டிருக்கலாம். முடியவில்லை. லோரிஸ் படகோடு கடலில் இருந்தான், ஐவோன் கிண்ணத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் லோரிஸ் வருவான், அவனிடம் கொடுத்துவிடலாம் என்று கடையைத் திறந்தாள். நாளைக்குப் பவனி என்பதால் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அன்றைக்கே தலை அலங்காரம். பகல் முழுக்கத் தலை கழுவியும் சாயம் தடவியும் கைவிரல்கள் ஊறி வீங்கின. கடைசி வாடிக்கைக்காரியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும், எதிரே கண்ணாடி. பையில் மோதிரம்.

ஒரே ஒரு நிமிஷம் என்று நினைத்தாள். எல்லாப் பெண்பிள்ளைகளும் அப்படித்தான் நினைப்பார்கள்.

போட்டாள். கையை நீட்டிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. கழற்றப் பார்த்தாள். வரவில்லை.

சோப்பு போட்டாள். ஆலிவ் எண்ணெய் விட்டாள். தலைக்குப் போடுகிற கண்டிஷனர் விட்டாள். நூலைச் சுற்றி இழுத்தாள், அம்மாடி என்று உட்கார்ந்தாள். விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. வெட்டியெடுக்கலாம் என்றால் ஊரில் ஒரே தட்டான், அவன் அத்தேயோவின் மைத்துனன். அதோடு, மந்திரித்த மோதிரத்தை வெட்டுவதா? அவள் அத்தனை பக்தி உள்ளவள் அல்ல, ஆனால் அத்தனை தைரியசாலியும் அல்ல.

லோரிஸ் வந்தான். பார்த்தான். முடி உலர்த்தும் நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"அதப் போடாம இருந்திருக்கலாம்ல அத்தை."

"நீ கையத் தூக்காம இருந்திருக்கலாம்ல."

பிறகு அவள், நாளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், என்ன நடந்தாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கி அனுப்பிவைத்தாள். பார்த்துக்கொள்வதற்கு அவளிடம் ஒரு யோசனையும் இல்லை. விடியும்வரை யோசித்து, தலைச்சாயம் தடவும்போது போடுகிற கறுப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

கோயில் நிறைந்திருந்தது. அத்தேயோ கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் மோதிரம் கிடைக்காவிட்டால் என்ன, உப்பு காலி என்று சொல்ல வாய் இருக்கிறதே. அவரைக் கோயிலில் கண்டதும் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். முன் வரிசையில் ஐவோன், புருஷனின் படத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

லோரிஸ் கிண்ணத்தைப் பீடத்தில் வைத்தான். பங்குச் சாமியார் சில்வானோவுக்குக் கண்ணாடி இல்லாமல் பக்கத்திலிருக்கும் பொருள் தெரியாது, அந்தக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதும் தெரியாது. துணியை விலக்கி உப்பில் இரண்டு விரலை விட்டார். துழாவினார். முகம் மலர்ந்தது. வளையத்தை எடுத்து உயரத் தூக்கி, ஜெபத்தைத் தொடங்கி, கடலும் மீன்களும் ஆண்டவரைப் போற்றுவதாக என்று பாதி வரை வந்துவிட்டார். பக்கத்தில் மெழுகுதிரி பிடித்தவன் களுக்கென்று சிரித்தான். சாமியார் வளையத்தை எட்டத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தகரம் வெளிச்சத்தில் மினுங்கியது.

கடைசி வரிசையில் அத்தேயோ தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நிவேஸ் நடுப்பாதையில் பாதி தூரம் போய்விட்டாள். நடந்துகொண்டே கையுறையை உரித்தாள்.

"மோதிரம் எங்கிட்ட இருக்கு சாமி. லோரிஸ் ஒழுங்காத்தான் கொண்டாந்தான். நாந்தான் ஆசப்பட்டு எடுத்துப் போட்டுப் பாத்தேன். எடம் காலியா இருக்கக் கூடாதேன்னு அந்தத் தகரத்த வச்சேன். இப்பக் கழல மாட்டேங்குது."

கோயிலுக்குள் ஒரே இரைச்சல். சாமியார் பாவம், முதலில் செய்ய வேண்டியதைச் செய்தார். புனித எண்ணெயைக் கொண்டுவரச் சொல்லி அவள் விரலில் ஊற்றி இழுத்தார். ஒரு காலைப் பீடத்தின் படியில் ஊன்றிக்கொண்டும் இழுத்தார். நிவேஸ் பல்லைக் கடித்தாள். மோதிரம் அசையவில்லை. மீனவர் தலைவர் செக்கோந்தோ எழுந்து, பெண் கை பட்டுவிட்டது, இந்த வருஷம் நாசம், தட்டானைக் கூப்பிட்டு இப்போதே வெட்டுங்கள் என்றார். மோதிரத்தை வெட்டச் சொன்னாரா விரலையா என்பது தெளிவாக இல்லை.

நிவேஸ் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாள். அப்போது ஐவோன் எழுந்தாள். சத்தம் போடவில்லை.

"எம் புருஷன் படத்துக்கு முன்னால இருந்து திருடுனியா நிவேஸ்? உங்கூடப் பொறந்தவன்தானே?"

அந்த நேரத்தில்தான் அவளுக்கு முதல் தடவையாகக் கண் கலங்கியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத்தை திருடல" என்றான் லோரிஸ். குரல் உடைந்திருந்தது. "நான் மோதிரத்த எடுக்கவே இல்லம்மா. எடுத்தது அந்தத் தகரம்தான். தெரியாமக் கையத் தூக்கிட்டேன், தெரிஞ்சதுக்கு அப்புறம் எறக்க முடியல. நேத்துக் காலைல அத்தைதான் கடல்லேர்ந்து எடுத்தாங்க."

ஐவோன் படத்தைப் பெஞ்சின் மேல் வைத்தாள். மகனிடம் போய்க் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அதே கையால் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். தன் பெஞ்சுக்குத் திரும்பி, கொஞ்சம் நகர்ந்து, நாத்தனாருக்கு உட்கார இடம் விட்டாள்.

அத்தேயோ இன்னும் நின்றுகொண்டிருந்தார். வாரம் முழுக்கத் தயாரித்த பேச்சு தொண்டையிலேயே நின்றுவிட்டது. "நானும் இதத்தான் சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

செக்கோந்தோ விடவில்லை. பவனி போக வேண்டுமே, யார் முன்னால் நடப்பது, மோதிரம் எடுத்த ஆண்பிள்ளை எங்கே என்றார். சாமியார் விரலில் வழிந்த எண்ணெயை அங்கியில் துடைத்தார். அவருக்கும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எரிச்சல்.

"கடல்லேர்ந்து எடுத்தவங்க முன்னால நடக்கணும், அதான் முறை. அது ஆம்பளையா இருக்கணும்னு எந்த முறையில இருக்கு? அப்படியே இருந்தாலும், மோதிரம் இல்லாமப் பவனி கெடையாது. வெரல் இல்லாம மோதிரம் வராது. நிவேஸ் இல்லாம வெரல் வராது. வழிய விடுங்க."

வாத்தியம் தொடங்கியது. ஊர் பார்க்க வேண்டும் என்று கையை உயரத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார் சாமியார். நிவேஸ் தூக்கினாள். போன ஞாயிறு கரையில் துண்டோடு நின்ற பெண்கள் கோயில் வாசலில் முதலில் விழித்தார்கள். பிறகு ஒருத்தி கைதட்டினாள், பிறகு எல்லோரும். நேற்று அவள் கையால் அலங்காரம் செய்துகொண்ட தலைகள் வீதியின் இரண்டு பக்கமும் நின்றன. செக்கோந்தோவும் அவர் ஆட்களும் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். அவள் திரும்பியே பார்க்கவில்லை. கை வலித்தது, விரல் விண்விண்ணென்று தெறித்தது. இத்தனை சந்தோஷம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை.

மீன் சந்தைத் திருப்பத்தில் அத்தேயோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். பவனியில் நடக்கவில்லை, தற்செயலாக அதே திசையில் போகிறேன் என்கிற நடை.

"நான் அந்தத் திட்டு முழுக்க நடந்தேனே. உம் மெஷின்ல அது எப்படிக் கத்துச்சு, அதயாவது சொல்லு."

"கோயில் மணி மாதிரி, கணீர்னு" என்றாள் நிவேஸ்.

அவர் தலையாட்டிக்கொண்டு பின்தங்கினார். அந்தக் குரலைத்தான் அவர் மெஷின் ஒழுங்காகச் சொல்கிறதே, எப்படித் தவறியது என்று இன்னும் சில வருஷம் அவர் யோசிக்கலாம்.

உப்பளப் பாலத்தைத் தாண்டும்போது கடல்காற்று அடித்தது. நிவேஸுக்கு விரலில் ஏதோ லேசாக இருந்தது. இத்தனை நேரம் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்ததில் கையிலிருந்த ரத்தமெல்லாம் இறங்கி, வீக்கமும் வற்றியிருந்தது. கட்டைவிரலால் மெல்லத் தொட்டாள். மோதிரம் ஒரு சுற்றுச் சுற்றியது, எண்ணெயில் வழுக்கிக்கொண்டு விரல் கணுவரை வந்தது. துறைமுகம் இன்னும் பாதித் தூரம் இருந்தது.

சாமியார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன நிவேஸ், இன்னும் இறுக்கமாத்தான் இருக்கா?"

"உசிரு போகுது சாமி" என்றாள் அவள், விரலை மடக்கிக்கொண்டு.